வெல்டு ஏன் விட்டது? அறிகுறி பார்த்துக் காரணம் பிடிக்க

பெங்களூரின் பீன்யாவிலோ காமாட்சிபாளையாவிலோ ஒரு சின்ன ஃபேப்ரிகேஷன் ஷெட்டுக்கு ஒரே நாளில் வருகிற வேலைகளைப் பாருங்கள். காலையில் அபார்ட்மென்ட் கேட். மதியம் ஓட்டல் சமையலறைக்கு எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) மேசை. சாயங்காலம் பக்கத்து சி.என்.சி. (கணினி இயக்கும் மெஷின்) ஷாப்பிலிருந்து உடைந்த ஃபிக்ஸ்சர் (பாகத்தைக் கவ்விப் பிடிக்கும் சட்டம்), "அண்ணா, ரெண்டு டேக் அடிச்சுக் கொடுங்க, காலையில ஷிஃப்ட் ஓடணும்" என்ற அவசரத்தோடு. (டேக் என்றால் புள்ளிபோல் வைக்கும் சின்னப் பிடிப்பு வெல்டு.) கேட்டுக்கு எடுத்த அதே 6013 ராடுதான் (சாதாரண வேலைக்கான வெல்டிங் ராடு) ஃபிக்ஸ்சருக்கும் கைக்கு வருகிறது. இரண்டு நாளில் அது விட்டுப்போனால் பழி வெல்டர் கைமேல்.

கையால் வரும் பழுதும் உண்டுதான். அண்டர்கட் (வெல்டு ஓரத்தில் விழும் பள்ளம்), கோணல் பீடு (வெல்டு வரி), சிலாக் (ராடு பூச்சின் கசடு) மாட்டுவது எல்லாம் அந்த வகை. அவை கண்ணுக்குத் தெரியும், அன்றைக்கே கிரைண்டர் போட்டுச் சரிசெய்துவிடலாம். வாடிக்கையாளர் திரும்பத் தூக்கி வரும் பழுது வேறு. அது பெரும்பாலும் ஆர்க் பிடிப்பதற்கு முன்பே முடிவாகிப்போனது. இது என்ன உலோகம் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அதனால் கீழே எந்த அறிகுறியாக இருந்தாலும், ஆம்ப் குமிழைத் திருப்புவது இரண்டாவது வேலைதான்.

முதலில்: கையில் இருப்பது என்ன?

காந்தம் ஒட்டினால் எம்.எஸ். (சாதாரண மென் எஃகு), ஈஎன் வகை எஃகு (லேத் வேலைக்கு வரும் கிரேடுகள்), வார்ப்பிரும்பு, 400 வரிசை எஸ்.எஸ். இவற்றில் ஒன்று. ஒட்டாவிட்டால் 304, 316, 202 என்ற எஸ்.எஸ். வகைகளில் எதுவாகவும் இருக்கலாம். "காந்தம் ஒட்டலை, அதனால 304" என்று கடைக்காரர் சொன்னால் தலையாட்டாதீர்கள். 202-லும் ஒட்டாது. வளைத்த இடத்தில் நல்ல 304-லும் லேசாக ஒட்டும்.

அடுத்தது பொறி. கிரைண்டரில் லேசாகத் தொட்டு, நிழலில் பாருங்கள். எம்.எஸ்.ஸில் நீளமான மஞ்சள் கோடுகள் வரும், நுனியில் கிளை குறைவு. கார்பன் கூடக்கூடப் பொறி குட்டையாகி, பூவாணம்போல் நிறையக் கிளைத்து வெடிக்கும். வார்ப்பிரும்பில் மங்கலான சிவப்புப் பொறி, சீக்கிரம் அணைந்துவிடும். எஸ்.எஸ்.ஸில் குட்டை ஆரஞ்சுக் கோடு, வெடிப்பு அரிது. ஒப்பிட ஒரு எம்.எஸ். துண்டும் ஒரு பழைய அரமும் பக்கத்தில் இருந்தால் கண் ஒரு வாரத்தில் பழகிவிடும்.

உளி வைத்து ஓரத்தில் ஒரு தட்டு தட்டினால் எஃகு சுருண்டு வரும், வார்ப்பிரும்பு பொடிப்பொடியாக உதிரும். அரம் வைத்தால் வழுக்கிக்கொண்டு போகிறதா? அது கடினப்படுத்திய பொருள். லேத்தில் கடைந்த புஷ், பின், ஷாஃப்ட் வந்தால் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "பார் என்ன கிரேடு?" பெங்களூரில் இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் பதில் கிடைக்கும். கடைந்தவர் இரண்டு தெரு தள்ளித்தான் இருப்பார்.

முறையைத் தேர்வதில் அதிகம் குழம்ப வேண்டாம். வெளியில், காற்றில், துரு கொஞ்சம் மிச்சமிருக்கும் இடத்தில் கை ராடு. ஷெட்டுக்குள் ஒரே மாதிரி நூறு பீஸ் என்றால் சிஓ2 (ஒயர் தானாக வர, கேஸ் காக்கும் முறை). மெல்லிய எஸ்.எஸ்., அலுமினியம், பைப்பின் முதல் ரன் (ஓர் இழுப்பு வெல்டு) என்றால் ஆர்கான் (டிக் வெல்டிங்). உருக்கவே கூடாத பொருளுக்குப் பித்தளை வைத்து பிரேசிங்.

ராடு ஒட்டுகிறது, ஆர்க் நிற்க மறுக்கிறது

புது இன்வெர்ட்டர் மிஷின், ஆனால் ஷெட்டில் ஓடியது சைட்டில் ஓடவில்லை என்றால் மிஷினைத் திட்டாதீர்கள், எக்ஸ்டென்ஷன் ஒயரைப் பாருங்கள். 160 ஆம்ப்பில் வெல்டு செய்யும் சிங்கிள் ஃபேஸ் இன்வெர்ட்டர் சப்ளையிலிருந்து ஏறத்தாழ 30 ஆம்ப் இழுக்கும். 1.5 சதுர மிமீ ஒயரை 30 மீட்டர் இழுத்தால், போகவர 60 மீட்டரில் 20 வோல்ட்டுக்கு மேல் ஒயரே தின்றுவிடும். 2.5 சதுர மிமீயில் சுமார் 13 வோல்ட், 4 சதுர மிமீயில் சுமார் 8. பெஸ்காம் (பெங்களூர் மின் விநியோகம்) லைனிலேயே சாயங்காலம் 205 வோல்ட் வந்தால் மிச்சக் கணக்கை நீங்களே போடுங்கள். மல்டிமீட்டரை மிஷின் பிளக்கில் வைத்து, ஆர்க் எரியும்போது அளக்க வேண்டும். சும்மா இருக்கும்போது அளந்தால் எல்லா ஒயரும் நல்ல ஒயர்தான். ஒயரைச் சுருட்டி வைத்தபடி ஓட்டுவது வேறு ஆபத்து. சுருள் சூடேறி உறை உருகும்.

வோல்ட் சரி என்றால் அடுத்து எர்த் கிளாம்ப். பெயின்ட்மேலும் துருமேலும் கவ்விய கிளாம்ப் ஆர்க்கை விட்டுவிட்டு எரிய வைக்கும். ரூபாய் நாணயம் அகலத்துக்குக் கிரைண்ட் செய்து கவ்வுங்கள். கிளாம்ப் தொடச் சுடுகிறதென்றால் தொடர்பு மோசம் என்று அர்த்தம்.

அதற்குப் பிறகுதான் ஆம்ப். 6013-இல் 2.5 மிமீ ராடுக்கு 60 முதல் 95, 3.15-க்கு 90 முதல் 130, 4 மிமீக்கு 140 முதல் 180. 7018-க்கு (ஹைட்ரஜன் குறைந்த ராடு) அதே அளவில் ஏறத்தாழ 10 ஆம்ப் கூட்டி, டி.சி.யில் ராடை பாசிட்டிவில் வையுங்கள். பழைய ஏ.சி. டிரான்ஸ்ஃபார்மரில் 7018 ஒட்டிக்கொண்டே இருந்தால் உங்கள் கை காரணமில்லை. அந்த ராடுக்குத் திறந்த சுற்று வோல்ட் (ஆர்க் இல்லாதபோது மிஷின் தரும் வோல்ட்) 70-க்கு மேல் வேண்டும், பல சின்ன டிரான்ஸ்ஃபார்மர்கள் அதைத் தராது.

ஆர்க் ஒரு பக்கமாக ஊதித் தள்ளுகிறதா, மூலைக்குப் போகும்போது மட்டுமா? அது டி.சி.யில் வரும் காந்த இழுப்பு. கிளாம்ப்பை மறுமுனைக்கு மாற்றுங்கள், ஆர்க்கைக் குட்டையாக்குங்கள். போகவில்லை என்றால் அந்த ஒரு மூட்டுக்கு ஏ.சி.க்கு மாறுங்கள்.

பின் ஹோல்

வெல்டில் ஊசித் துளைபோல் ஓட்டை. இந்த ஒரு பழுதுக்கே ஒரு மாத வேலை வீணாகும் ஷாப்கள் உண்டு. ஓட்டை எங்கே வருகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது.

கை ராடில், ரன் ஆரம்பித்த இடத்தில் மட்டும் கூட்டமாக ஓட்டை, பிறகு சுத்தம். 7018-இல் இது வழக்கம். ஆர்க் நிலைபெறும் முன் முதல் சில மில்லிமீட்டருக்குக் காப்பு கிடைப்பதில்லை. ஆரம்பப் புள்ளிக்கு 10 மிமீ முன்னால் கீறி, ஆர்க்கைப் பின்னுக்குக் கொண்டுவந்து, அந்த இடத்தின் மேலேயே ஓட்டிக்கொண்டு போங்கள்.

ரன் முழுக்க ஓட்டை, ராடு சடசடவென்று தெறிக்கிறது என்றால் ஈரம். செப்டம்பர், அக்டோபர் மழையில் ஷீட் கூரை ஷெட்டில் பிரித்துப் போட்ட பாக்கெட்டுக்கு இதுதான் கதி. 6013-ஐ 100 முதல் 120 டிகிரியில் ஒரு மணி நேரம் காயவைத்தால் போதும். அதற்குமேல் வறுக்க வேண்டாம். அந்தப் பூச்சுக்குக் கொஞ்சம் ஈரம் தேவை, மொத்தமும் போனால் ஆர்க் கெடும். 7018 நேர் எதிர். 250 முதல் 350 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம், பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவின்படி. காயவைத்த பிறகு 120 டிகிரி அடுப்பில் வைத்து, நாலு நாலாக எடுத்துப் பயன்படுத்துங்கள். நூறு வாட் பல்பு மாட்டிய மரப்பெட்டி பல ஷெட்டுகளில் உண்டு. காய்ந்த 6013-ஐ அது காய்ந்தபடி வைத்திருக்கும். ஈரமான 7018-ஐ அது ஒருநாளும் காயவைக்காது.

சிஓ2-வில் முதலில் டார்ச்சைப் பாருங்கள். நாசில் உள்ளே பொறி ஒட்டி அடைத்திருந்தால் கேஸ் ஒரு பக்கமாகத்தான் வரும். பிறகு ஃபேன். வெயில் காலத்தில் பெடஸ்டல் ஃபேனை வெல்டர் முதுகுக்குத் திருப்புகிறோம், காற்று சுவரில் மோதித் திரும்பி ஆர்க்மேல் வருகிறது. நிமிடத்துக்கு 12 முதல் 15 லிட்டர் கேஸ் போதும். ஓட்டை வருகிறதே என்று 25-க்குத் திருகினால் கேஸ் சுழன்று வெளிக்காற்றையும் உள்ளே இழுக்கும், ஓட்டை இன்னும் கூடும்.

காலையில் நன்றாக ஓடி, பதினோரு மணிக்கு மேல் பின் ஹோல் வருகிறதா? ரெகுலேட்டரைத் தொட்டுப் பாருங்கள். பனி படிந்திருக்கும். சிலிண்டரில் இருப்பது திரவ சிஓ2, ஆவியாகும்போது குளிர்ந்து வால்வை அடைக்கிறது. ஹீட்டர் உள்ள ரெகுலேட்டர்தான் இதற்கு மருந்து. வெந்நீர்த் துணி பத்து நிமிடம் தாங்கும். இன்னொன்று: சிஓ2 சிலிண்டரின் பிரஷர் கேஜை நம்பி மீதியைக் கணக்கிட முடியாது. திரவம் இருக்கும்வரை முள் ஒரே இடத்தில் நிற்கும், அது இறங்கத் தொடங்கினால் கேஸ் முடியப்போகிறது. மீதி அறிய எடை போடுவதுதான் வழி.

ஒயர் ஈஆர்70எஸ்-6 தானா என்றும் பாருங்கள். அதில் மாங்கனீசும் சிலிக்கனும் கூடுதல், லேசான துருவையும் ஆக்சிஜனையும் அவை பிடித்துக்கொள்ளும். எஸ்.ஜே.பி. ரோட்டுக் கடைகளில் பெயர் அச்சிடாத ஸ்பூல் மலிவாகக் கிடைக்கும். கிலோவுக்கு மிச்சமாகும் காசு ஒரு கிரைண்டிங் டிஸ்கில் போய்விடும்.

ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய) பைப்பில் பின் ஹோல் வந்தால் வேறு காரணம் தேட வேண்டாம். துத்தநாகம் 419 டிகிரியில் உருகி 907-இல் கொதிக்கிறது. இரும்பு உருகுவதற்கு வெகு முன்பே ஆவியாகி, குழம்பைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகிறது. மூட்டின் இரு பக்கமும் 25 முதல் 50 மிமீ வரை பூச்சைக் கிரைண்ட் செய்து நீக்குங்கள். வெல்டுக்குப் பிறகு துத்தநாகப் பெயின்ட் அடியுங்கள். அந்த வெள்ளைப் புகையை அடைத்த இடத்தில் சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிர் ஜுரம், வாயில் உலோக ருசி. பால் குடித்தால் சரியாகும் என்று ஷெட்டுக்கு ஷெட்டு சொல்வார்கள். புகை போனது நுரையீரலுக்கு, பால் போவது வயிற்றுக்கு. கதவைத் திறந்து, புகையைத் தலைக்கு எதிர்ப்பக்கம் இழுத்துவிடுங்கள்.

மேலே அழகு, உள்ளே பிடிப்பில்லை

பீடு மேடாக, வரிவரியாக, போட்டோ எடுக்கும்படி இருக்கிறது. லோடு ஏறியதும் பிளேட்டிலிருந்து ஸ்டிக்கர்போல உரிந்து வருகிறது. சிஓ2 மிஷினின் தனிப் பழுது இது. 0.8 மிமீ ஒயர், 17 வோல்ட் வைத்து 10 மிமீ பிளேட்டில் ஓட்டினால் ஒயர் உருகும், பிளேட் உருகாது. உருகிய ஒயர் குளிர்ந்த பிளேட்மேல் படுத்துக்கொள்கிறது. கை ராடில் இப்படிச் செய்தால் ஆர்க் அணைந்து உங்களை எச்சரிக்கும். சிஓ2 எச்சரிக்காது, அதுதான் தொல்லை.

6 மிமீக்கு மேல் 1.2 மிமீ ஒயருக்குப் போங்கள், 180 ஆம்ப்புக்குக் குறையாமல். பட் மூட்டு (முனைக்கு முனை) என்றால் ஓரத்தைச் சாய்த்து வி குரூவ் எடுத்து, அடியில் 2 மிமீ இடைவெளி விடுங்கள். மேலிருந்து கீழே ஓட்டுவது மெல்லிய தகட்டுக்கு மட்டும்தான். தடித்த பிளேட்டில் கீழிருந்து மேலே. உருகிய குழம்புக்கு முன்னால் ஆர்க் இருக்க வேண்டும். குழம்பு முந்திக்கொண்டு ஓடினால் ஆர்க் அதன்மேல்தான் எரியும், பிளேட்டைத் தொடாது.

செட்டிங் சரியா என்று அறிய ஐந்து நிமிடம் போதும். அதே தடிமனில் இரண்டு பட்டைகளை 'டி' வடிவில் நிறுத்தி, ஒரு பக்கம் மட்டும் ஃபில்லெட் (மூலை வெல்டு) போடுங்கள். ஆறியதும் வைஸில் கவ்வி, வெல்டு இருக்கும் பக்கமாகச் சுத்தியலால் மடக்குங்கள். அடி திறந்து கிழியும். உடைந்த முகத்தில் அடி மூலைவரை சாம்பல் நிறச் சொரசொரப்பு இருந்தால் பிடித்திருக்கிறது. பளபளப்பான பழைய பிளேட் முகம் அப்படியே தெரிந்தால் பிடிக்கவில்லை. நூறு பீஸ் ஆர்டருக்கு முன் இதைச் செய்யாத ஷாப்பில் சூப்பர்வைசர் தூங்க முடியாது.

ஓட்டை விழுகிறது

16 கேஜ், 18 கேஜ் மெல்லிய சதுர பைப் கிரில் வேலை, சூடு தாங்காமல் உருகி ஓட்டை. 2 மிமீ ராடு, 40 முதல் 55 ஆம்ப், டி.சி.யில் ராடை நெகட்டிவில். ஒரே இழுப்பாகப் போகாமல் 15, 20 மிமீ துண்டுகளாக, இடம் மாற்றி மாற்றி. இடைவெளி இருந்தால் நிரப்பப் பார்க்காமல் பைப்பைத் திரும்ப வெட்டுங்கள், அது சீக்கிரம் முடியும். பின்னால் ஒரு செம்புப் பட்டை வைத்தால் சூட்டை வாங்கிக்கொள்ளும், வெல்டு அதில் ஒட்டாது. தினமும் இதே வேலை என்றால் 0.8 மிமீ ஒயர் சிஓ2 மிஷின் வாங்கும் நேரம் வந்துவிட்டது.

விரிசல்: எங்கே, எப்போது?

விரிசலைக் கண்டதும் மேலேயே இன்னொரு ரன் ஓட்டி மூடுவதுதான் நடைமுறை. அடியிலிருக்கும் விரிசல் புதுப் பீடையும் கிழித்துக்கொண்டு மேலே வரும். முழுக்க வெட்டி எடுத்த பிறகுதான் யோசனை. விரிசல் எங்கே, எத்தனை நேரம் கழித்து வந்தது என்பது இரண்டு முற்றிலும் வேறான நோய்களைப் பிரித்துக் காட்டும்.

பீடின் நடுவில், நீளவாட்டில், ஆறும்போதே வந்தால் அது சூட்டு விரிசல். பெங்களூரில் இதற்கு முதல் சந்தேகம் ஈஎன் 1ஏ. லேத்தில் சல்லென்று வெட்டுகிறது என்பதால் புஷ், பாஸ், ஸ்பேசர் எல்லாம் அதில்தான் கடைகிறார்கள். அந்தச் சல்லென்ற வெட்டுக்குக் காரணம் வேண்டுமென்றே சேர்த்த கந்தகம், 0.2 சதவீதத்துக்கு மேல். வெல்டு உறையும்போது கந்தகக் கூட்டு கடைசியில் உறைந்து, நடுவில் ஒரு மெல்லிய திரவப் படலமாக நிற்கிறது. சுருங்கும் இழுப்பில் அங்கேதான் பிளக்கும். ஈயம் சேர்த்த வகையாக இருந்தால் புகையும் விஷம். சரியான தீர்வு வெல்டு மேசையில் இல்லை, டிராயிங்கில் இருக்கிறது: வெல்டு வைக்கும் பாகத்தை ஈஎன் 3-லோ எம்.எஸ். ரவுண்டிலோ கடையச் சொல்லுங்கள். முடியாதென்றால் காயவைத்த 7018, குறைந்த ஆம்ப், சின்னச் சின்ன ரன், பீடு குழிவில்லாமல் மேடாக. எஸ்.எஸ். 303-லும் இதே கதைதான். அதற்கு 312 ஃபில்லர் (இட்டு நிரப்பும் ராடு).

ரன் முடிந்த இடத்துக் குழியில் நட்சத்திரம்போல் விரிசல் வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. ராடைச் சட்டென்று எடுத்திருக்கிறீர்கள். ஆர்க்கைப் பின்னுக்குக் கொஞ்சம் கொண்டுவந்து, குழியை நிரப்பிவிட்டு எடுங்கள்.

வெல்டுக்குப் பக்கத்தில், பிளேட்டில், மறுநாள் காலையில் வந்தால் கதை வேறு. இது ஹைட்ரஜன் விரிசல். மூன்று சேர வேண்டும்: ராடு ஈரத்திலிருந்து வந்த ஹைட்ரஜன், சூடுபட்டுச் சட்டென ஆறியதால் கடினமான விளிம்பு, சுருங்கும் இழுவிசை. வெல்டு முடிந்து 48 மணி நேரம்வரைகூடக் காத்திருந்து வரும். அன்று மாலை பார்த்து "ஓகே" சொன்னதில் அர்த்தமில்லை.

எந்தப் பொருளுக்கு இந்தப் பயம் வேண்டும் என்று கார்பன் ஈக்விவலன்ட் சொல்லும். கார்பனோடு மாங்கனீசில் ஆறில் ஒரு பங்கு, குரோமியம்–மாலிப்டினம்–வனேடியம் கூட்டுத்தொகையில் ஐந்தில் ஒரு பங்கு, நிக்கல்–செம்பில் பதினைந்தில் ஒரு பங்கு கூட்டுங்கள். ஐ.எஸ். 2062 இ250 (சாதாரணக் கட்டுமான எஃகு) பிளேட்டுக்கு உச்சவரம்பு 0.42. ஈஎன் 8 ஏறத்தாழ 0.53 வரும். ஈஎன் 24 கிட்டத்தட்ட 0.9. சி.என்.சி. ஷாப்பிலிருந்து வந்த அந்த ஃபிக்ஸ்சர் ஈஎன் 24 என்றால், "ரெண்டு டேக்" என்பது இரண்டு விரிசலுக்கு விதை போடுவது. குட்டி டேக்தான் மிக வேகமாக ஆறும், பக்கத்து உலோகம் கண்ணாடிபோல் ஆகிவிடும்.

ஈஎன் 8 என்றால் தடிமனைப் பொறுத்து 150 முதல் 250 டிகிரி வரை முன்சூடு. ஈஎன் 19-க்கு 200 முதல் 300, ஈஎன் 24-க்கு 300 அளவில். கேஸ் டார்ச்சால் மூட்டின் இரு பக்கமும் 75 மிமீ அகலத்துக்கு, மெதுவாக, உள்வரை ஏறும்படி. அளக்க டெம்பரேச்சர் சாக்பீஸ் வாங்கிக்கொள்ளுங்கள். லேசர் துப்பாக்கி தெர்மாமீட்டர் பளபள உலோகத்தில் குறைத்துக் காட்டும். ராடு காயவைத்த 7018 மட்டும். வேலை முடியும்வரை சூடு முன்சூட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. முடிந்ததும் உலர்ந்த சுண்ணாம்புத் தூளிலோ சாம்பலிலோ புதைத்து இரவு முழுக்க விடுங்கள். தண்ணீரில் முக்குவது, ஃபேன் முன் வைப்பது இரண்டும் செய்த வேலையை அழிப்பது.

பக்கத்தில் 'டிங்' என்ற சத்தத்தோடு விரிந்தால் வார்ப்பிரும்பு. விரிசலின் இரு நுனியிலும் 3 முதல் 5 மிமீ துளை போட்டு நிறுத்துங்கள். எண்ணெய் ஊறிய பழைய கேசிங்கானால் டார்ச்சால் சுட்டு எண்ணெயை எரிக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் ரன் முழுக்க நுரை. நிக்கல் ராடு எடுத்து, 25 மிமீ மட்டும் ஓட்டி, சூடாக இருக்கும்போதே உருண்டைத் தலைச் சுத்தியலால் லேசாகத் தட்டி, கையால் தொட முடிகிறவரை காத்திருங்கள். பிறகு வேறு இடத்தில் அடுத்த 25. ஒரு அடி விரிசலுக்கு அரைநாள் ஆகும் என்று விலை பேசும்போதே சொல்லிவிடுங்கள். பிறகு மெஷினிங் உண்டென்றால் 99 சதவீத நிக்கல், தடித்த பாகமென்றால் நிக்கல்-இரும்பு ராடு. அதிகச் சூடு, அதிக லோடு இல்லாத இடத்தில் பிரேசிங் இதைவிட நிம்மதி.

எஸ்.எஸ். துரு பிடிக்கிறது

"304 என்று பில் போட்டு வாங்கினேன், மூணு மாசத்துல துரு" என்றால் நான்கு இடம் பார்க்க வேண்டும்.

பொருள் 304-தானா? ரெய்லிங் கடைகளில் 202 தாராளமாகப் புழங்குகிறது. நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியது. பேட்டரியும் சொட்டுத் திரவமும் வைத்த சின்ன டெஸ்ட் கிட் கிடைக்கும், 200 வரிசையில் சொட்டு சிவக்கும். வெட்டுவதற்கு முன் சோதியுங்கள், வெட்டிய பிறகு கடைக்காரர் திரும்ப வாங்க மாட்டார்.

துரு புள்ளிப்புள்ளியாக, வெல்டு இல்லாத இடத்திலும் இருந்தால் எம்.எஸ். தூள். எம்.எஸ். அரைத்த டிஸ்கையே எஸ்.எஸ்.ஸிலும் போட்டிருப்பார்கள், அல்லது பக்கத்து மேசைப் பொறி வந்து விழுந்திருக்கும். டெலிவரிக்கு முன் மேற்பரப்பை நனைத்து வைத்துப் பாருங்கள், மறுநாள் பழுப்புப் புள்ளி தெரிந்தால் உங்கள் ஷெட்டின் தூள்தான். எஸ்.எஸ்.ஸுக்கு டிஸ்க், பிரஷ், மேசை எல்லாம் தனி.

துரு வெல்டை ஒட்டி ஒரு கோடாக இருந்தால் சூடு அதிகம். 425 முதல் 860 டிகிரிக்குள் நீண்ட நேரம் நின்றால் குரோமியம் கார்பனோடு சேர்ந்து ஒதுங்கிவிடும், அந்த விளிம்பு வெறும் இரும்புபோல் ஆகும். தடித்த வேலைக்கு 304எல் பொருள், 308எல் ஃபில்லர், ஆம்ப் எம்.எஸ்.ஸைவிடக் குறைவு, ஒவ்வொரு ரன்னுக்கும் இடையில் ஆறவிடுதல். 316-க்கு 316எல். எஸ்.எஸ்.ஸை எம்.எஸ்.ஸோடு சேர்க்க 309எல். அங்கே 308 போட்டால் எம்.எஸ். கலந்து குரோமியமும் நிக்கலும் நீர்த்து, வெல்டு கடினமாகி விரிசல் விடும்.

வெல்டின் நிறமும் பேசும். வெளிர் வைக்கோல் நிறம் நல்லது. நீலம் என்றால் நீக்க வேண்டும். கறுத்த சாம்பல் என்றால் கேஸ் போதவில்லை. பிக்கிளிங் பேஸ்ட் போட்டு நீக்குபவர்கள் அதில் நைட்ரிக் அமிலத்தோடு ஹைட்ரோஃபுளோரிக் அமிலமும் இருப்பதை மறக்க வேண்டாம். தோலில் பட்டால் முதலில் வலிக்காது, உள்ளே இறங்கி எலும்புவரை போகும். ரப்பர் கையுறை, முகக் கவசம், கைக்கெட்டும் தூரத்தில் கால்சியம் குளுக்கோனேட் ஜெல் இல்லாமல் டப்பாவைத் திறக்காதீர்கள். பட்டால் உடனே தண்ணீரில் அலசிக்கொண்டே இருங்கள், ஜெல் தடவி ஆஸ்பத்திரிக்கு.

பால், பானம், மருந்து பைப் என்றால் உள்பக்கம் பாருங்கள். கரிந்த சர்க்கரைபோல் கொப்பளித்திருந்தால் பின்பக்க ஆர்கான் கொடுக்கவில்லை. இரு முனையிலும் டேப் ஒட்டி, ஒரு முனையில் மட்டும் சின்னத் துளை விட்டு, நிமிடத்துக்கு 5 முதல் 8 லிட்டர் உள்ளே விடுங்கள். பைப்பின் கொள்ளளவைப்போல் பல மடங்கு போன பிறகே ஆர்க்.

அலுமினியம் கறுக்கிறது, உருண்டை கட்டுகிறது

அலுமினியம் 660 டிகிரியில் உருகும். அதன்மேல் இருக்கும் ஆக்சைடு தோலுக்கு 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். தோல் பைபோல் பிடித்துக்கொண்டிருக்க, உள்ளே உருகித் திடீரென்று கீழே விழும். ஆர்கானில் ஏ.சி. வைப்பது அந்தத் தோலைப் பெயர்க்கத்தான். டி.சி.யில் விட்டுவிட்டு "ஃபில்லர் சேர மாட்டேங்குது" என்று முறையிட வேண்டாம். ஒரு மிமீ தடிமனுக்கு ஏறத்தாழ 40 ஆம்ப், சுத்த ஆர்கான், நிமிடத்துக்கு 8 முதல் 12 லிட்டர். அசிட்டோனால் எண்ணெயைத் துடைத்த பிறகு அலுமினியத்துக்கென்றே ஒதுக்கிய எஸ்.எஸ். பிரஷ். வரிசையை மாற்றினால் எண்ணெயைத் தேய்த்து உள்ளே ஏற்றிவிடுவீர்கள். பிரேக் கிளீனர் ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம். குளோரின் கலந்த வகை ஆர்க் வெளிச்சத்தில் பாஸ்ஜீன் வாயுவாக மாறும்.

6061, 6063 அலுமினியத்தை ஃபில்லர் இல்லாமல் உருக்கி ஒட்டினால் விரிசல் விடும். ஃபில்லரில் 4043 எளிதாக ஓடும், விரிசல் குறைவு. பிறகு அனோடைஸிங் உண்டென்றால் 5356, ஏனெனில் 4043 வெல்டு கருஞ்சாம்பலாகத் தெரியும். 5083-க்கு 4043 வேண்டாம், 5356 போடுங்கள். 5356-இல் ஓரத்தில் படியும் கரும்பொடி மக்னீசியம் ஆவி, துடைத்தால் போய்விடும். 6061-டி6 வெல்டுக்குப் பக்கத்தில் வலுவில் பெரும்பங்கை இழக்கும். எந்த ஃபில்லராலும் அதைத் திரும்பத் தர முடியாது. லோடு தாங்கும் பாகமென்றால் தடிமனைக் கூட்டச் சொல்லுங்கள்.

கேட் முறுக்கிக்கொண்டது

முழு ஃபிரேமையும் டேக் போட்டு, மூலைவிட்டம் அளந்து, பிறகே வெல்டு. ஒரு மூலை முடித்ததும் எதிர் மூலை. 100 மிமீ இடைவெளிக்கு 25, 30 மிமீ தையல் போதும் என்கிற இடத்தில் முழு நீளம் ஓட்டாதீர்கள். எஸ்.எஸ். எம்.எஸ்.ஸைவிட ஒன்றரை மடங்கு விரியும், சூட்டையும் மெதுவாகத்தான் கடத்தும். அதனால் எஸ்.எஸ். கேட்டுக்கு டேக் இரண்டு மடங்கு நெருக்கமாக.

வேண்டாம் என்று திருப்பி அனுப்ப வேண்டியவை

லாரி பட்டை ஸ்பிரிங். வெல்டு பிடித்ததுபோல் தெரியும், முதல் குழியில் பக்கத்திலேயே ஒடியும். 8.8, 10.9 என்று தலையில் எழுதிய போல்ட்டுகளின் பதம் வெல்டுச் சூட்டில் போய்விடும். 7075 அலுமினியம் விரிசல் விடும். எல்.பி.ஜி. சிலிண்டர் எந்த வடிவிலும், யார் கொண்டுவந்தாலும் கூடாது. தின்னர், பெட்ரோல், எண்ணெய் இருந்த டிரம்மைக் கழுவிவிட்டோம் என்று சொல்வார்கள். மடிப்பிலும் தையலிலும் தங்கியது டார்ச் பட்டதும் ஆவியாகும், டிரம்மின் மூடியே குண்டாகும். தண்ணீர்த் தொட்டிக்கு டிரம் வேண்டுமென்றால் புதிதாகத் தகடு வாங்கி உருட்டிக் கொடுங்கள்.